கட்டையனுக்குப் போட்ட மருந்து

கல்பாலம் தோட்டம், ஹாலிஎல
1911 ஜூன் 4, ஞாயிறு

சௌபாக்கியவதி புஷ்பத்துக்கு வைரவநாதன் ஆசி கூறி எழுதுவது. நான் சுகம். குழந்தை தெய்வானைக்கு இப்போது சோறு இறங்குகிறதா? காலில் தெம்பு வந்ததா? எழுந்து நடக்கிறாளா? இதையெல்லாம் நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் பதுளையில் உன் அண்ணன் கடைக்கே போய் உன் கையில் கொடுத்ததாகத் தபால்கார மாரிசாமி சத்தியம் பண்ணுகிறான். "அம்மா வாங்குனாங்க, உள்ள போயிட்டாங்க, அம்புட்டுத்தான்யா" என்கிறான். வாங்கத் தெரிந்தவளுக்கு நாலு வரி எழுதத் தெரியாதா? மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் என்றுதானே நான் பெண் பார்க்க வந்த அன்றைக்கு உன் அப்பா மூன்று தரம் சொன்னார்.

குழந்தை தேறுகிறவரை பதினைந்து நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாய். இன்றோடு பதினெட்டு நாள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. வாந்திபேதி வந்த வீடு என்று துரை நம் பாய், தலையணை, துணிமணி எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தச் சொன்னது உனக்கு மனத்தாங்கல்தான். எனக்கும்தான். ஆனால் துரை சொன்னால் சொன்னதுதான். எல்லாம் புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறேன். பண்டாரவளையிலிருந்து ஒரு பித்தளைக் குடம்கூட வந்திருக்கிறது. வந்து பார்.

இங்கே ஒரே ஒரு நல்ல சேதி. துரையின் வேட்டை நாய்கள் நான்குக்கும் உடம்பில் ஒரு உண்ணி கிடையாது. மண்ணெண்ணெய் பூசியும் புகையிலைத் தண்ணீர் ஊற்றியும் ஒரு வருஷமாகப் போகாத உண்ணி, கொழும்பிலிருந்து தருவித்த மஞ்சள் நிற மருந்துத் தூளைக் கரைத்து நான் குளிப்பாட்டச் சொன்னதும் உதிர்ந்துவிட்டது. துரை என்னை விறாந்தையில் நிற்கவைத்து இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

உன் கட்டையனுக்கு விஷம் வைத்த முருகையா தோட்டத்தை விட்டுப் போய்விட்டான். துரையின் நாய்களைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் போட்டாகிவிட்டது. அவனுக்குத் துண்டு கொடுக்கவில்லை. தோட்டத்தை விட்டுப் போகிற ஆளுக்குத் துரை கையெழுத்துப் போட்ட துண்டு இல்லாவிட்டால் இந்த ஊவா மாகாணத்தில் ஒரு தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். உன் நாயைக் கொன்றதற்கு அந்தத் தண்டனை போதாதா? இன்னும் என்ன கோபம்?

"நாய் செத்ததுக்குக் கிளாக்கரம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க" என்று லயத்து வீடுகளில் கூலியாட்கள் பேசிச் சிரிக்கிறார்கள். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது ஆட்கள் என் முகத்தைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்பட்டுமா?

வைரவநாதன்


பதுளை
1911 ஜூன் 9, வெள்ளி

மூன்று கடிதமும் வந்தன. எப்போதும் எழுதுகிற நமஸ்காரத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை போகவில்லை. தப்பாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

தெய்வு சோறு தின்கிறாள். பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாள். கால் எரிகிறது என்கிறாள்.

உங்கள் முதல் கடிதம் வந்த மறுநாள் முருகையாவின் பெண்சாதி இராக்கம்மா கடை வாசலுக்கு வந்தாள். எட்டு மாத வயிறு. ஹாலிஎலயிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் உள்ளேயே நின்றேன், ஏனென்றால் அவள் சண்டை பிடிப்பதற்கு நியாயம் இருந்தது. கட்டையன் செத்துக் கிடந்த அன்று காலையில் துரை பங்களாவுக்கு முன்னால் நின்று, விஷம் வைத்தது நாய்க்காரன்தான் என்று நானாக முடிவுகட்டி, முருகையாவைப் பேசாத பேச்சு இல்லை. கையில் மண்ணை வாரித் தூற்றினேன். சத்தம் கேட்டுத் துரை வெளியே வந்து நாய் மருந்துப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். ஆறு பொட்டலத்தில் ஒன்று குறைந்தது. அப்போதே அவனைப் போகச் சொல்லிவிட்டார். நீங்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றீர்கள்.

இராக்கம்மா சண்டை பிடிக்கவில்லை. கெஞ்சினாள்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்த சொன்னா ஐயா கேப்பாரு. துண்ட மட்டும் வாங்கிக் குடுங்க. எங்க ஆளு நாயக் கொல்லலீங்க. அன்னைக்கு விடியக்காலையில ஐயாதான் கட்டையனக் கயித்துல புடிச்சுக்கிட்டு நாய்ப்பட்டிக்கு வந்தாரு. ஐயாதான் தூளக் கரச்சாரு. எங்க ஆளு நாயப் புடிச்சுக்கிட்டாரு, ஐயா தேச்சாரு. 'ஒருத்தர்கிட்டயும் சொல்லாத முருகையா, ஒன்னய நான் பாத்துக்கிறேன்'னு சொன்னாரு. துரை போகச் சொன்னப்பவும் எங்க ஆளு வாயத் தொறக்கல. ஐயா பேசுவாரு, ஐயா பேசுவாருன்னு நின்னுக்கிட்டே இருந்தாரு."

கேட்டதும் எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஞாபகம்தான் வந்தது. சாவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை கட்டையன் சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்கு வந்தான். நெருப்புக்குச்சி உரசின மாதிரி ஒரு வாசனை. "ஐயோ, கட்டையனுக்குக் குளிருது" என்று தெய்வு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். தன் பாவாடையாலேயே அவனைத் துடைத்தாள். காது, வயிறு, வால் ஒன்றும் விடாமல். நீங்கள் மேசையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தீர்கள். "ஏங்க இது இப்பிடி நனைஞ்சிருக்கு?" என்று நான் கேட்டேன். "மழையில நனைஞ்சிருக்கும்" என்றீர்கள். அன்றைக்கு மழையே இல்லை. கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போனீர்கள்.

ஒரே கேள்விதான். அவள் சொன்னது உண்மையா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். பித்தளைக் குடத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

புஷ்பம்


கல்பாலம் தோட்டம்
1911 ஜூன் 13, செவ்வாய்

புஷ்பத்துக்கு,

ஒரு கூலிப் பொம்பளை வாசலில் நின்று மூக்கைச் சிந்தினால் தாலி கட்டினவன் பொய்யனாகிவிடுவானா? வேலை போனவன் வீட்டார் ஆயிரம் சொல்வார்கள். இதை நம்பிக்கொண்டு என்னைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாயே, நீ என்ன நீதவானா?

மேலே எழுதினதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். கிழித்தாலும் அதையேதான் எழுதுவேன் போலிருக்கிறது. ஆகையால் இருக்கட்டும்.

ஆமாம். கட்டையனுக்கு அந்த மருந்தைப் போட்டது நான்தான்.

என் நிலைமையை ஒரு நிமிஷம் நினைத்துப் பார். போன வருஷம் துரையின் பெட்டை நாய்க்கு மண்ணெண்ணெய் பூசித் தோல் உரிந்து போனபோது, முருகையாவுக்கு முன்னால் இருந்த நாய்க்காரனைத் துரை பங்களாப் படியிலிருந்து உதைத்துத் தள்ளினார். எல்லாரும் பார்த்தோம். இந்தத் தூள் வந்தபோது பெட்டியை என் மேசையில் போட்டார். "கிளாக்கர், நீ காயிதம் படி, நீ கரை. என் நாய் செத்துப் போச்சு என்டால் நீ பெட்டி கட்டு" என்றார். காகிதத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்று போட்டிருக்கிறது. பத்து வாளித் தண்ணீருக்கு ஒரு பொட்டலம். நாய் என்ற சொல்லே அதில் இல்லை. ஆட்டுக்கு ரோமம் அடர்த்தி. நாய்க்கு எவ்வளவு காரம் தாங்கும்? யாரிடம் போய்க் கேட்பேன்? லேசாகப் போட்டு உண்ணி விழாவிட்டாலும் ஏச்சு எனக்குத்தான். கூடிப்போய்விட்டால் வேலையே போய்விடும்.

அதனால்தான் முதலில் ஒரு நாயில் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. லயத்து நாய் எதிலாவது பார்த்திருந்தால் ஆட்கள் கூட்டம் கூடியிருப்பார்கள். நம் நாய் என்றால் கேள்வி கேட்க ஆளில்லை. அரைப் பொட்டலத்தை ஒரே வாளியில் கரைத்தேன். இந்தக் காரத்தைத் தாங்கினால் எதையும் தாங்கும் என்று ஒரு கணக்கு. மீதி அரையை ஓடையில் கொட்டிவிட்டேன். மத்தியானம் கட்டையன் நுரையாக வாந்தி எடுத்துப் பின்னங்கால் இழுத்தபோது கூடிப்போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை துரையின் நாய்களுக்குக் காகிதத்தில் போட்டிருந்ததையும் குறைத்துக் கரைக்கச் சொன்னேன். அவை பிழைத்தன. நானும் பிழைத்தேன். நீ சாப்பிடுகிற சோறும் அதனால்தான்.

கட்டையன் போனதில் எனக்கு வருத்தமில்லை என்று நினைக்காதே. அவன் என் காலடியில் படுத்தவன்.

ஆனால் தெய்வுவுக்கு வந்தது வாந்திபேதி. டாக்டரையாவே பார்த்துச் சொன்னார். அதற்கு முந்தின வாரம்தான் பத்தாம் லயத்தில் ஒரு கிழவன் அதில் போனான். நாய் மருந்தையும் குழந்தையின் நோயையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே.

வைரவநாதன்


பதுளை
1911 ஜூன் 17, சனி

"நம் நாய் என்றால் கேள்வி கேட்க ஆளில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒன்பது வருஷம் உங்கள் வீட்டில் குடித்தனம் செய்திருக்கிறேன். அந்த ஆளில்லாத இடத்தில் இருந்தது நான்தான்.

சரி, நாயை விடுங்கள். முடிச்சுப் போடாதே என்கிறீர்கள். போட்டது நானில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெய்வுவுக்கு வாந்தி ஆரம்பித்துப் பேதியும் ஆனபோது டாக்டரையா வந்தார். "பிள்ள என்ன தின்னிச்சு, எதத் தொட்டுச்சு?" என்று கேட்டார். முதல் கேள்வியே அதுதான். முந்தின நாள் முழுக்க அவள் நோய்ப்பட்ட நாயோடுதான் கிடந்தாள், அதே கையால்தான் முறுக்கைத் தின்றாள். "நாய்க்கும் இதே மாதிரிதாங்க..." என்று நான் வாயெடுத்தேன். நீங்கள் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "நாய்ப் பேச்ச இப்ப எடுக்காத" என்றீர்கள். பிள்ளை துடிக்கிறபோது நாய்க்கு அழுகிறாளே என்று மனிதர் கோபப்படுகிறார் என்று நினைத்து வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். டாக்டரையா நல்ல மனிதர். அவருக்குச் சொன்னதை வைத்துத்தானே அவர் வைத்தியம் பார்ப்பார்? வாந்திபேதி என்று எழுதிக்கொண்டார்.

பிறகு தெய்வுவை ஆற்றுக்கு அந்தப்புறம் தொத்துநோய்க் கொட்டகையில் போட்டார்கள். தாயையும் விடமாட்டோம், ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். ஐந்து நாள். மூங்கில் தட்டிக்கு வெளியே நான். உள்ளே அவள். முதல் மூன்று நாள் "அம்மா, உள்ள வாம்மா" என்று கூப்பிட்டாள். நாலாம் நாள் கூப்பிடவில்லை. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். சத்தம் போடத் தெம்பில்லாமல்தான் கிடந்தாள் என்று பிறகு உள்ளே இருந்த தாதி சொன்னாள்.

நீங்கள் தினம் சாயங்காலம் வந்தீர்கள். வந்து தட்டியோரம் நின்று, "கைய நல்லாக் கழுவிவிடச் சொல்லுங்க, நகத்துக்குள்ள நல்லாக் கழுவிவிடச் சொல்லுங்க" என்று தாதியைப் பார்த்துக் கத்தினீர்கள். அப்போது எனக்கு உங்கள் மேல் எவ்வளவு இரக்கம் வந்தது தெரியுமா? குழந்தை மேல் உயிரை வைத்திருக்கிற மனிதர், என்ன செய்வது என்று தெரியாமல் எதையோ சொல்கிறார் என்று நினைத்தேன். பத்தாம் லயத்துக் கிழவனுக்கு நகத்துக்குள் கழுவச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது.

வேறு மருந்து கொடுத்திருந்தால் சீக்கிரம் குணமாகியிருக்குமோ என்னவோ, எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் அந்த விஷம் ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. ஒட்டாத நோய்க்கு என் பிள்ளையைத் தனியாகப் போட்டீர்கள். நான் உள்ளே போய் அவளை மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கலாம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இனி ஒன்றே ஒன்று. முருகையா பண்டாரவளைப் பக்கம் மூன்று தோட்டம், எல்ல ஊர்ப் பக்கம் இரண்டு தோட்டம் ஏறி இறங்கிவிட்டான். துண்டு எங்கே என்று கேட்கிறார்கள், இல்லை என்றதும் விரட்டுகிறார்கள். இருவரும் இப்போது இங்கே வண்டிக்கார றஹீமின் மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையில் இருக்கிறார்கள். நான் சோறு கொடுத்தனுப்புகிறேன். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை.

நீங்கள் துரையிடம் போய், பொட்டலத்தை எடுத்தது நான், முருகையா இல்லை என்று சொல்லுங்கள். சொல்லி, அவனுக்குத் துண்டு வாங்கிக் கொடுங்கள். நான் மண்ணை வாரித் தூற்றினதற்கு அவன் காலில் விழவும் தயாராக இருக்கிறேன். நீங்கள் சொன்ன அன்றைக்கே தெய்வுவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். நடந்ததை மறக்க மாட்டேன். ஆனால் வருவேன்.

புஷ்பம்


கல்பாலம் தோட்டம்
1911 ஜூன் 24, சனி

புஷ்பத்துக்கு,

ஒரு வாரமாக யோசித்தேன். துரையிடம் சொல்வது நடக்காது.

நீ பதுளைக் கடைத்தெருவில் பிறந்தவள். உங்கள் ஆட்களுக்கு ஒரு வாடிக்கை போனால் இன்னொரு வாடிக்கை. எனக்கு ஒரு துரைதான். பொட்டலத்தைத் திருடினவன் கிளாக்கர் என்று அவர் நினைத்தால் அன்று சாயங்காலமே நாம் ரோட்டில் நிற்போம். பிறகு என்ன, உன் அண்ணன் சிவஞானம் கடையில் மல்லி புடைக்கவா நான்? ஏற்கனவே போன தீபாவளிக்கு வந்தபோது என்னை எங்கே உட்காரவைத்தார் என்று எனக்கு மறக்கவில்லை.

கொட்டகை விஷயம் எழுதியிருந்தாய். அதற்கு நான் என்ன பதில் எழுத? அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது, புஷ்பம். சந்தேகம்தான். சந்தேகத்தை எப்படி வெளியே சொல்வது? முதல் நாள் சொல்லாமல் விட்டேன். இரண்டாம் நாள் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் இன்னும் கஷ்டம். இப்படியே ஐந்து நாள் ஓடிவிட்டது. நான் தட்டியோரம் நின்றுவிட்டுத் திரும்பி வரும் வழியில் பாலத்தில் உட்கார்ந்து அழுதேன். அதை நீ பார்க்கவில்லை.

ஒரு வழி இருக்கிறது. மாதக் கடைசியில் துரை கையெழுத்துப் போடுகிற காகிதக் கட்டில் முருகையாவின் துண்டையும் எழுதிச் சொருகிவிடுகிறேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பதில்லை. முருகையா பிழைத்துப்போவான், நமக்கும் சேதமில்லை. ஆனால் நானும் ஒன்று கேட்பேன். நீ இன்ன தேதிக்கு வருகிறேன் என்று எழுது. எழுதினால் சொருகுகிறேன். எல்லாம் நான் மட்டுமே விட்டுக்கொடுப்பது என்றால் எப்படி?

வைரவநாதன்


பதுளை
1911 ஜூன் 27, செவ்வாய்

தேதி வேண்டுமாம். கருவுற்ற ஒரு பெண் மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறாள், அவள் பிழைப்பை என் வருகைக்குப் பேரம் பேசுகிறீர்கள். கடைத்தெருவில் பிறந்தது நான். பேரம் பேச வருவது உங்களுக்கு.

சொருகினாலும் சரி, சொல்லி வாங்கினாலும் சரி, துண்டை அனுப்புங்கள். முருகையாவுக்கு அது வேண்டும். ஆனால் அதற்காக நான் வருவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதிவிட்டேன்.

அவர்கள் ஜூலை முதல் தேதி வரை பார்ப்பார்களாம். அதற்குள் துண்டு வராவிட்டால் பண்டாரவளைக்கு நடந்து, அங்கே ரயிலேறிக் கொழும்புக்குப் போய், கப்பலில் ஊருக்கே திரும்பிவிடுவதாகச் சொல்கிறார்கள். முருகையா இங்கே வந்தது பத்து வயதில். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "தெரியலீங்கம்மா, போய்த்தான் பாக்கணும்" என்றான்.

பாலத்தில் உட்கார்ந்து அழுததாக எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். பாலத்துக்கு அந்தப்புறம் கொட்டகை வாசலில்தான் நான் இருந்தேன். திரும்பி வந்து என்னிடம் அழுதிருக்கலாம்.

புஷ்பம்


கல்பாலம் தோட்டம்
1911 ஜூலை 8, சனி

என் அன்புள்ள புஷ்பத்துக்கு,

சொல்லிவிட்டேன்! நேற்று வெள்ளிக்கிழமை துரையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதோ, உன் புருஷன் கோழை இல்லை.

முதல் தேதிக்குள் என்று நீ எழுதியது ஞாபகம் இருந்தது. ஆனால் மாதக் கடைசியில் துரைக்குப் பல்வலி, ஆபீசுக்குள் போனவனையெல்லாம் கடித்துக் குதறினார். காகிதக் கட்டில் சொருகலாம் என்றால் அன்றைக்கென்று ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் கொஞ்சம் தெளியட்டும் என்று காத்திருந்தேன். வியாழக்கிழமை வேட்டைக்குப் போய் ஒரு பெரிய மரை மான் அடித்துக்கொண்டு வந்தார். நாய்கள் நான்கும் பிரமாதமாக ஓடினவாம். இதுதான் சமயம் என்று மறுநாள் காலையில் போய் நின்றேன்.

பொட்டலத்தை எடுத்தது நான், உங்கள் நாய்களுக்குப் போடுமுன் என் சொந்த நாயில் போட்டுப் பார்த்தேன், அது செத்துவிட்டது, அதனால்தான் உங்கள் நாய்களுக்குக் குறைத்துக் கரைத்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

துரை சிரித்தார், புஷ்பம்! மேசையில் தட்டிச் சிரித்தார். "கிளாக்கர் ரொம்பக் கெட்டிக்காரன்! உன் நாய் செத்துப் போச்சு, என் நாய் சாகல்லே! நல்ல வேலே!" என்றார். "ஏன் அன்னிக்கே சொல்லல்லே? நான் ஒன்னும் ஏசாது" என்றார். இவருக்காகவா இரண்டு மாதம் இப்படி நடுங்கினேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. முருகையா கதையையும் சொன்னேன். "அந்த ஆள் ஏன் வாய் மூடிக்கிட்டு நின்னான்? முட்டாள்" என்று சொல்லிக்கொண்டே துண்டில் கையெழுத்துப் போட்டார். நடத்தை நல்லது என்று நானே எழுதியிருந்தேன். இதனுடன் வைத்திருக்கிறேன்.

இன்னும் கேள். அவருடைய பெட்டை நாய் போன மாதம் ஐந்து குட்டி போட்டது. சீமைச் சாதி. அதில் ஒன்றை, "உன் பாப்பாவுக்குக் குடு" என்று தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். இந்த ஜில்லாவில் எந்தக் கிளாக்கருக்கு இப்படி நடந்திருக்கிறது? மாரிசாமியிடம் கூடையில் வைத்து அனுப்பியிருக்கிறேன். பால் கொடு.

நீ கேட்டதைச் செய்தாகிவிட்டது. உன் வாக்கை நீ காப்பாற்று. புதன்கிழமை வண்டி வரும்.

உன் வைரவநாதன்


பதுளை
1911 ஜூலை 12, புதன்

வண்டி வந்தது. இந்தக் கடிதம் அதில்தான் வருகிறது. வேறு யாரும் வரவில்லை.

துண்டையும் இதனுடன் திருப்பி வைத்திருக்கிறேன். முருகையாவும் இராக்கம்மாவும் இரண்டாம் தேதி விடியும்போதே போய்விட்டார்கள். முதல் தேதி முழுக்க மாரிசாமி வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு முருகையா கடை வாசலிலேயே குந்தியிருந்தான். நான் அவன் காலில் விழப் போனேன். பதறிப்போய்ப் பின்வாங்கினான். "ஐயாவக் கோவிச்சுக்காதீங்கம்மா. எங்களுக்குப் போலத்தான் அவருக்கும், துரைன்னா பயந்தானுங்களே" என்றான். இத்தனை கடிதத்திலும் நான் உங்களுக்காக எழுத முடியாத ஒரு நல்ல வார்த்தையை அவன் சொல்லிவிட்டுப் போனான். பண்டாரவளை வரைக்கும் நடக்கிற நிலையில் அவள் இல்லை. றஹீம் பாதி வழி வண்டியில் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சேதி இல்லை. கப்பலேறினார்களா, வழியிலேயே பிள்ளை பிறந்ததா, ஒன்றும் தெரியாது. துண்டை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

துரை சிரித்தார் என்று எழுதியிருந்தீர்கள். நாலு பக்கத்தில் அந்த இடத்தில் மட்டும் உங்கள் எழுத்து அழகாக இருந்தது.

வேலை போயிருக்கும், உதைத்திருப்பார், நடுத்தெருவில் நின்றிருப்போம் என்று இருந்தால்கூட உங்களைக் கொஞ்சம் மன்னித்திருப்பேன். பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயந்தார் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். சொன்னால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த ஒரு சிரிப்புக்கு முன்னால் போய் நிற்க முடியாமல் என் பிள்ளையை ஐந்து நாள் கூப்பிடக் கூப்பிட விட்டுவைத்தீர்கள்.

தெய்வுவைப் பற்றித் துரையிடம் சொன்னீர்களா? பொட்டலத்தைப் பற்றி இருக்கிறது, நாயைப் பற்றி இருக்கிறது, முருகையாவைப் பற்றிக்கூட இருக்கிறது. அவள் பேர் அந்தக் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை. டாக்டரையாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றும் தெரிகிறது. கால் எரிச்சலுக்கு இங்கே வேறு வைத்தியரிடம் காட்டினேன். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அவர் முதலில் கேட்டது, இதை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை என்பதுதான். பிள்ளையின் அப்பாவுக்கு அப்போது வேலை இருந்தது என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

நீங்கள் சொன்ன அன்றைக்கே வருவேன் என்று எழுதியது உண்மை. அந்த வாக்கை நான் மீறுகிறேன். துரை நல்ல முகமாக இருக்கிற நாள் பார்த்துச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மனிதன் பிழைக்கும்படியாகச் சொல்லச் சொன்னேன். அண்ணன் வீட்டுச் சோறு எனக்கு இனிக்கவில்லை, அண்ணியின் பேச்சும் குறையவில்லை. இருந்தாலும் இங்கே ஒரு தைரியம் இருக்கிறது. பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் எதனால் என்று தெரிந்தவர்கள் என்னிடம் சொல்லிவிடுவார்கள்.

நாய்க்குட்டி நன்றாக இருக்கிறது. வெள்ளையில் பழுப்புப் புள்ளி. கூடையிலிருந்து இறக்கிவிட்டதும் தள்ளாடிக்கொண்டு நேராகத் தெய்வுவிடம்தான் போனது. அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். "அம்மா, இதுக்கு அப்பா மருந்து போட்டாச்சா?" என்று கேட்டாள். இல்லடா, போடல என்றேன். சொன்ன பிறகும் தொடவில்லை. தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

குட்டியை வண்டியில் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் கூடையில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். துரை அடுத்து என்ன மருந்து தருவிப்பாரோ தெரியாது. அது இங்கேயே இருக்கட்டும்.

புஷ்பம்